இலை கொட்டும் போன்சாய்: மண்ணை மாற்றுவதா, விட்டுப்பிடிப்பதா?

வாங்கி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பச்சைப் பசேலென்று இருந்த போன்சாயில் தினமும் நாலைந்து இலை மஞ்சளாகி விழ ஆரம்பிக்கும். உதிர்ந்த இலைகளைப் பார்த்ததும் கை பரபரக்கும். மண்ணை மாற்றலாமா, உரம் போடலாமா, வெயிலில் வைக்கலாமா, காய்ந்த கிளையை வெட்டலாமா என்று யோசித்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செத்துப்போன மரங்களில் பாதிக்கு மேல், சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. மண்ணைத் தொடாமல் இடத்தையும் தண்ணீரையும் மட்டும் சரிசெய்யலாம். வேரைப் பிரித்துப் புது மண்ணில் வைக்கலாம். மண்கட்டியோடு அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியிலோ தரையிலோ வைக்கலாம். இல்லையென்றால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம். இலையை மட்டும் பார்த்து இதில் எது சரி என்று சொல்ல முடியாது. வேர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நம் ஊர் நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் மரத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா. கிழங்கு மாதிரி பருத்த வேரும் தலையில் கொத்தாக இலையுமாக, 'ஜின்செங் ஃபைக்கஸ்' என்று விற்பார்களே, அதுதான். ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியா வரை இயற்கையாக வளரும் மரம் என்பதால் நம் வெயிலும் காற்றின் ஈரமும் இதற்குப் பழகியவை. லேசில் சாகாது. இந்த ஒரு விஷயம் முடிவெடுக்கும்போது பெரிய பலம்.

முதலில் மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்து பாலும் கசிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீறுங்கள். நுனிக் கிளைகள் எல்லாம் காய்ந்து அடிமரத்தில் மட்டும் பச்சை இருந்தாலும் இந்த மரத்துக்கு நம்பிக்கை உண்டு. பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கழுவிக்கொள்ளுங்கள்.

அடுத்து மண். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, தொட்டியின் அடியைத் தொடும் வரை மண்ணில் செருகிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு உருவிப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருக்கும், ஆனால் ஈர்க்கின் கீழ்ப்பாதி கருத்து ஈரமாக வரும். நேற்றுத் தண்ணீர் ஊற்றவே இல்லை, ஆனாலும் அடி சதசதவென்று இருக்கிறது என்றால் பிரச்சினை கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. நேர்மாறாகவும் நடக்கும். இந்த மரங்கள் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில் இறுக்கி வைக்கப்பட்டுத்தான் வருகின்றன. அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றும் தண்ணீர் தொட்டியின் ஓரமாகவே வழிந்து கீழே வந்துவிடும். நாம் தினமும் ஊற்றுவோம், மரம் தினமும் தாகத்தில் கிடக்கும். ஈர்க்கு உள்ளே போகாமல் முரண்டு பிடித்து, வெளியே வரும்போதும் காய்ந்தே இருந்தால் இதுதான். தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, அடிமரத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். மண்ணில் கெட்டியாக நிற்கிறதா, பல் ஆடுவதுபோல் ஆடுகிறதா? பருத்த வேரை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருக்கிறதா, மெத்தென்று அமுங்குகிறதா? வடிகால் ஓட்டையை மோந்து பாருங்கள். மழைக்குப் பிறகு வரும் மண்வாசனை இருந்தால் நல்லது. சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகுகிறது.

இலையும் கொஞ்சம் சொல்லும். பச்சையாக இருக்கும்போதே இலைகள் உதிர்ந்தால் பெரும்பாலும் வெளிச்சம் திடீரென்று குறைந்ததுதான் காரணம். நர்சரியின் திறந்தவெளியிலிருந்து ஏசி அறையின் மேசைக்கு வந்த மரம் வேறென்ன செய்யும்? மஞ்சளாகித் துவண்டு, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். ஓரம் கருகி மொறுமொறுப்பாக இருந்தால் தாகம், அல்லது தண்ணீரிலுள்ள உப்பு. இலை நடுநரம்போடு மடிந்து, உள்ளே கறுப்பாகப் பொடிப்பொடிப் பூச்சி இருந்தால் இலைப்பேன். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ எங்கோ ஒளிந்திருக்கிறது. பூச்சிதான் காரணம் என்றால் கீழே வரும் ஒப்பீடு எதுவும் தேவையில்லை. மடிந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் திரவம், இதை வாரம் ஒருமுறை மாலையில் தெளித்தால் போதும்.

மண்ணைத் தொடாமல் இடத்தை மாற்றுவது

என் முதல் தேர்வு இதுதான். மரம் ஆடவில்லை, வேர் கெட்டியாக இருக்கிறது, வாடை இல்லை என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

போன்சாயை வீட்டுக்குள் வைக்கும் அலங்காரப் பொருளாக விற்பதால்தான் பாதித் தொல்லை. ஜப்பானில் 1923இல் நடந்த கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவின் போன்சாய்க் கலைஞர்கள் பலர் நெரிசலான நகரத்தை விட்டு, நல்ல மண்ணும் தண்ணீரும் காற்றும் உள்ள இடம் தேடிப் போனார்கள். அப்படி 1925இல் சைத்தாமாவில் உருவானதுதான் ஓமியா போன்சாய்க் கிராமம். தலைமுறை தலைமுறையாகக் கை பழகியவர்களே மரங்களுக்காக ஊரை மாற்றினார்கள். நாம் மேசையிலிருந்து பால்கனிக்கு மாற்றினால் போதும்.

கிழக்குப் பார்த்த பால்கனிதான் மிக நல்லது. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், பிறகு நிழலோடு வெளிச்சம். மேற்குப் பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் பச்சை வலை கட்டிக்கொள்ளுங்கள். நிழலில் இருந்த மரத்தை ஒரேயடியாக மதிய வெயிலில் வைத்தால் மிச்ச இலையும் வெந்துவிடும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டி விடும் சூடான காற்று படும் இடம் கண்டிப்பாக வேண்டாம். அடுக்குமாடிப் பால்கனிகளில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

தண்ணீருக்குக் கால அட்டவணை போடாதீர்கள். ஈர்க்கைச் செருகிப் பார்த்து, மேல் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வழியும் அளவுக்கு ஊற்றுங்கள். காயாவிட்டால் விட்டுவிடுங்கள். இலை பெரும்பாலும் உதிர்ந்துவிட்ட மரம் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். மரம் சோர்ந்திருக்கிறதே என்று பாசத்தில் கூடுதலாக ஊற்றுவதுதான் பல மரங்களுக்குக் கடைசிக் காரணம்.

இந்த வழியின் பெரிய நன்மை, இதில் திரும்பி வர முடியும். நம் கணிப்பு தவறாகப் போனாலும் மரத்துக்கு அதிகச் சேதமில்லை. குறை என்றால் காத்திருப்பு. நல்ல வெப்பம் உள்ள மாதங்களில் மூன்று வாரம் முதல் ஆறு வாரத்துக்குள் கிளைக்கணுக்களில் கூரான மொட்டுத் தளிர் தெரியும். மார்கழி, தை மாதங்களில் இன்னும் தாமதமாகும். அதுவரை ஒன்றும் செய்யாமல் இருப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று, ஜின்செங் ஃபைக்கஸில் பருத்த அடிமரத்தின் மேல் சிறிய இலை ரகத்தைப் பெரும்பாலும் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வேறு மாதிரி இலையோடு துளிர் வந்தால் பயந்து கிள்ள வேண்டாம். அடிமரம் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் எந்த இலையும் நல்ல இலைதான்.

வேரைப் பிரித்து மண் மாற்றுவது

இது சிகிச்சை என்பதைவிட அறுவைச் சிகிச்சை. மரம் ஆடுகிறது, வேர் மெத்தென்று அமுங்குகிறது, வாடை வருகிறது என்றால் அக்னி நட்சத்திரமாக இருந்தாலும் அன்றைக்கே செய்ய வேண்டும். ஏனென்றால் அழுகல் நிற்காமல் மேலே ஏறும். அந்த அறிகுறிகள் இல்லாதபோது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று செய்தால் கேடுதான். தண்ணீர் உறிஞ்சுவது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய வேர்த்தூவிகள். மண்ணைப் பிரிக்கும்போது முதலில் அறுந்துபோவது அவைதான். தெம்புள்ள மரம் அவற்றைச் சீக்கிரம் திரும்ப வளர்த்துக்கொள்ளும். இலை இழந்த மரத்தின் கையிருப்பில் அதற்கான சத்து இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் கடையில் வந்த மண் மோசம் என்று சொல்பவர்கள் சொல்வது உண்மைதான். அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் எல்லா முடிவும் சுலபமாகும். எந்த மண்ணிலும் தண்ணீர் முழுதாக வடியாது. தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு நீர் தங்கிவிடும். அந்த அடுக்கின் உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்து மாறாது, மண்துகளின் அளவைப் பொறுத்து மாறும். துகள் நுண்ணியதாக இருந்தால் அடுக்கு உயரம். ஆழமான தொட்டியில் அது அடியில் ஒரு பகுதி மட்டுமே. ஆழம் குறைந்த போன்சாய்த் தட்டில் அதே மண்ணைப் போட்டால் கிட்டத்தட்ட எல்லா வேரும் அந்த நீருக்குள் நிற்கும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும். அதனால்தான் போன்சாய்க்குப் பரும்படியான மண் வேண்டும் என்கிறார்கள். மழைக்காலத்தில் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சாய்த்து வைப்பதும் இதனால்தான். ஐப்பசி அடைமழையில் வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள், நன்றாக வேலை செய்யும்.

அழுகல் உறுதியாகிவிட்டால் செய்முறை இது. மரத்தை வெளியே எடுத்து, பழைய மண்ணைத் தண்ணீரில் கழுவுங்கள். கறுத்து, இழுத்தால் தோல் மட்டும் கழன்று வரும் வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ உள்ளவை உயிருள்ளவை, விட்டுவிடுங்கள். பருத்த வேரில் அழுகிய பகுதி இருந்தால் கெட்டியான சதை வரும் வரை செதுக்கி, வெட்டு காய்வதற்குக் கொஞ்ச நேரம் நிழலில் வையுங்கள். மண்ணுக்கு அக்கடாமா என்ற ஜப்பானியக் களிமண் உருண்டைகளைத் தேடி அலைய வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல்லை எடுத்து நொறுக்கி, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளைச் சலித்தெடுங்கள். தூளை வீசிவிடுங்கள், அதுதான் ஓட்டைகளை அடைக்கும். அதோடு பரும்படியான ஆற்றுமணல், நர்சரியில் கிடைக்கும் சிண்டர் கல் கொஞ்சம், மண்புழு உரம் ஒரு பிடி. வேர் இழந்த மரத்துக்கு உரம் அதற்கு மேல் வேண்டாம். தொட்டி வேரின் அளவுக்குச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். மிச்சமுள்ள வேரைக் கம்பியால் தொட்டியோடு கட்டிவிடுங்கள். மரம் காற்றில் ஆடினால் புது வேர் முளைக்க முளைக்க அறுந்துபோகும். பிறகு நல்ல நிழல், தலையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பை ஒன்று, ஆங்காங்கே ஓட்டையோடு. பையின் மேல் நேர் வெயில் படவே கூடாது.

அவசரம் இல்லாத மண் மாற்றத்துக்கு நம் ஊரில் மாசி, பங்குனியோ, கோடை தணிந்த ஆடி, ஆவணியோ ஏற்றது. மரம் சுறுசுறுப்பாகத் தளிர்விடும்போது செய்ய வேண்டிய வேலை அது.

மண்கட்டியோடு பெரிய தொட்டிக்கு

இதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் மரம் போன்சாய் மாதிரி தெரியாமல் போய்விடும். காலையில் கிளம்பி இரவு திரும்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உள்ளங்கை அளவுத் தட்டில் இருக்கும் மரத்துக்குச் சித்திரை வெயிலில் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் தேவைப்படும். ஒரு மதியம் தவறினால் நுனி வேர்கள் போய்விடும். வேர் நன்றாக இருந்தும் மரம் மெலிந்துகொண்டே வந்தால், தட்டிலிருந்து அலுங்காமல் எடுத்து, பத்து அங்குலத் தொட்டியிலோ காய்கறி வடிக்கும் பிளாஸ்டிக் கூடையிலோ வைத்துச் சுற்றிலும் பரும்படி மண் நிரப்புங்கள். கூடையில் காற்று எல்லாப் பக்கமும் போவதால் சல்லி வேர் அருமையாகப் பிடிக்கும். ஒரு வருடத்தில் தண்டும் பருக்கும், கிளையும் கூடும்.

இரண்டு எச்சரிக்கை. அழுகும் வேரோடு பெரிய தொட்டிக்குப் போனால் குடிக்க ஆளில்லாத ஈரம் சுற்றிலும் நிற்கும், அழுகல் வேகமெடுக்கும். இன்னொன்று, நடுவில் நார்க்கழிவுக் கட்டி, சுற்றிலும் செங்கல் ஜல்லி என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் காயாது. ஊற்றும்போது நடுக்கட்டி நனைகிறதா என்று பாருங்கள். கட்டியின் ஓரங்களை விரலால் கொஞ்சம் கலைத்துவிட்டால் வேர் வெளியே வர வழி கிடைக்கும்.

தரையில் நடுவது இதைவிட வேகமாகத் தேற்றும். ஆனால் இது ஆலமரத்து வம்சம். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் இருக்கும் பக்கம் நடவே கூடாது. சொந்தத் தோட்டத்தில் தாராளமாக இடம் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

ஒருவரிடம் ஒப்படைப்பது

அப்பா வளர்த்த மரம், விலை அதிகம் கொடுத்த மரம் என்றால் இதில் தயக்கம் வேண்டாம். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் போன்சாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குழுக்கள் உண்டு. யாரிடம் கொடுத்தாலும் அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். எங்கே வைத்திருந்தீர்கள், எப்போது மண் மாற்றினீர்கள், எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்பவரை நம்பலாம். பார்த்த உடனே 'இந்த டானிக் ஊற்றுங்கள்' என்பவரை வேண்டாம். இடம் மாறுவதே மரத்துக்கு ஒரு சுமை என்பதால், ஏற்கெனவே துளிர்விடத் தொடங்கிவிட்ட மரத்தை எங்கும் தூக்கிப் போகாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் செய்யக் கூடாதவை சில. சோர்ந்த மரத்துக்கு டி.ஏ.பி., யூரியா எதுவும் வேண்டாம். உப்புச் செறிவு கூடி, இருக்கும் வேரும் கருகும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் நல்ல எண்ணத்தில் வந்தது, ஆனால் உப்பெல்லாம் திரண்டிருக்கும் அந்தத் தண்ணீர் சின்னத் தட்டிலுள்ள மரத்துக்கு ஆகாது. போர்த் தண்ணீரால் மண்மேல் வெள்ளைப் படிவம் இருந்தால் மழைநீர் பிடித்து நன்றாக அலசி ஊற்றுங்கள். கிளைகளைக் கவாத்து செய்வதும் இப்போது வேண்டாம். காய்ந்தது உறுதியான குச்சிகளை மட்டும் எடுக்கலாம்.

இவ்வளவும் ஃபைக்கஸுக்கு. மரம் மாறினால் தீர்ப்பும் மாறும். அடீனியத்தில் அடித்தண்டு மெத்தென்று ஆகிவிட்டால் காத்திருக்கும் வழியே கிடையாது. உடனே எடுத்து, அழுகலைச் செதுக்கி, சில நாள் நிழலில் காயவைத்துத்தான் திரும்ப நட வேண்டும். குட்டை இலை ஜேட் செடிக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. நல்ல கிளைகளை ஒடித்து, வெட்டு காய்ந்ததும் மணலில் செருகினால் வேர்விடும். தாய்மரம் போனாலும் பிள்ளைகள் இருக்கும். ஃபைக்கஸிலும் உயிருள்ள கிளைக்குச்சியை இப்படி நட்டு வைக்கலாம், எதற்கும் ஒரு காப்பாக.

ஜூனிபர் வேறு கதை. அது குளிரைப் பார்த்த மரம். வேர் செத்த பிறகும் சில வாரங்கள் இலை பச்சையாகவே இருக்கும் என்பதால் நிறம் மாறுவதை நாம் பார்க்கும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் தைரியமாக வளர்க்கலாம், பெங்களூரிலும் முடியும். கடலோர ஊரில் முதல் மரமாக ஜூனிபர் வாங்காதீர்கள். அதன் அழகை ரசிக்கும் ஆசையைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் நம் வெக்கையில் அந்த மரத்துக்கு நாம் செய்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

சரி, முதல் வழியைத் தேர்ந்தெடுத்து ஆறு வாரம் பொறுத்தும் ஒரு துளிர்கூட வரவில்லை என்றால்? மறுபடி கீறிப் பாருங்கள். பச்சை இருந்து, வெப்பமான மாதமாகவும் இருந்தால் மரத்தை அலுங்காமல் தொட்டியிலிருந்து தூக்கி வேரை ஒரு பார்வை பாருங்கள். வெள்ளை நுனி தெரிந்தால் அப்படியே திரும்ப வைத்துவிட்டு இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். கறுப்பாக இருந்தால் இரண்டாம் வழிக்குப் போங்கள். துளிர் வந்துவிட்டால் அவசரப்படாதீர்கள். புது இலைகள் விரிந்து, முற்றி, கரும்பச்சையான பிறகுதான் உரம், அதுவும் பாதி அளவில். கிளை வெட்டுவது, கம்பி கட்டுவது, அழகான தட்டுக்கு மாற்றுவது எல்லாம் அடுத்த மாசிக்குப் பிறகு.